பெரியவர்: ஒருவர்

சில நாட்களாக அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை. மடிக்கணினி, அதன் வயர், இரண்டு பாஸ்போர்ட்டுகள், மூக்குக்கண்ணாடிக் கூடு, குடித்துவிட்டு நகர்த்தி வைத்த காபிக் கோப்பைகள். நடுவில் அவள் கணவர். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்து வருபவர், இப்போது ஒரு விமான நிறுவனத்தின் இணையதளத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிட்டாள். பல் கட்டும் ஆய்வகத்தில் அன்று அவளுக்கு அரை நாள் வேலை. அவருக்கு விடுமுறை.

"இங்க வா. இந்தக் கூத்தைப் பாரு."

போய்ப் பார்த்தாள். திரையில் அருகருகே மூன்று கட்டங்கள். லைட், கிளாசிக், ஃப்ளெக்ஸ். விமானம் ஒன்றுதான், இருக்கையும் ஒன்றேதான். விதிகள்தான் வேறு. லைட் என்றால் திரும்பி வரும் தேதியை மாற்றவே முடியாது. கிளாசிக்கில் ஒரு பெட்டி கூடுதலாகக் கொண்டுபோகலாம், தேதிக்கு அதே கதிதான். ஃப்ளெக்ஸ் எடுத்தால் தேதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

"ஃப்ளெக்ஸாம். நாம என்ன பேனர் கட்டவா போறோம்? போறோம், பாப்பாவைப் பாக்கறோம், வரோம். லைட்டே போதும்."

"தேதியை மாத்தற மாதிரி இருந்தா நல்லதுதானே?" என்றாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"எதுக்கு மாத்தணும்?"

இந்தக் கேள்விக்குத்தான் அவளிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகள் பாப்பா போன வாரம் போனில் சொன்னது அவளுக்குள்ளேயே கிடந்தது. மாப்பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. தன் துணிகளையும் காபி மெஷினையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாதக் கடைசியில் பாப்பாவும் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். 'அதுக்கு முன்னாடி வந்துடும்மா. ஒருத்தியா நின்னு எல்லாத்தையும் கட்ட முடியாது. வந்தா கொஞ்ச நாள் இரு. எவ்வளவு நாள்னு கேக்காத.' கடைசியாக ஒன்று சொன்னாள்: 'அப்பாகிட்ட சொல்லாத. தாங்க மாட்டாரு. நேர்ல வரப்ப நானே சொல்லிக்கறேன்.'

அப்பாவைப் பொறுத்தவரை பாப்பா வேலைக்குப் பக்கத்தில் வீடு மாறுகிறாள். மாப்பிள்ளை நலம். முதல் முறையாக விமானம் ஏறி, மகள் குடும்பம் நடத்தும் அழகைப் பார்த்துவிட்டு, விடுப்பு முடிவதற்குள் திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான்.

"உடம்பு கிடம்பு சரியில்லாம போனா?" என்றாள்.

"யாருக்கு?"

"யாருக்கோ."

"போறதுக்கு முன்னாடியே படுக்கப் போட்டுடுவ போலிருக்கே." அவர் சிரித்தபடி லைட் கட்டத்தை அழுத்தினார். பக்கம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சிவப்பு எழுத்தில் ஒரு வரி: நீங்கள் தேர்ந்தெடுத்த கட்டணத்தில் இடம் இல்லை.

"இப்பத்தானேடா காட்டின!" என்றார் கணினியிடம்.

மறுபடி தேடினார். இந்த முறை லைட் கட்டம் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. ஃப்ளெக்ஸ் மட்டும் பளிச்சென்று இருந்தது. அவர் விடவில்லை. லிஃப்டில் எந்தத் தளத்துப் பொத்தான் வேலை செய்யவில்லை என்று ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பதுபோல ஒன்றொன்றாக மாற்றினார். பெட்டியை எடுத்தார். காப்பீட்டை எடுத்தார். பயணிகள் என்ற இடத்தில் இரண்டை ஒன்றாக்கினார்.

லைட் உயிர்பெற்று வந்தது.

"அட! ரெண்டு பேர்னா இல்லைங்கறான். ஒருத்தர்னா இருக்குங்கறான். ஒரே ஒரு சீட்டுதான் மிச்சம் போல. ரெண்டு பேர் ஒண்ணா கேட்டா ரெண்டு பேரையும் சேர்த்து மேல தூக்கி விட்டுடறான்."

அவள் வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது. கடவுளே இறங்கி வந்து திரையில் எழுதிக் காட்டியதுபோல இருந்தது.

"அப்ப தனித்தனியாப் போட்டுடுங்க," என்றாள். குரல் சாதாரணமாக இருக்க வேண்டுமே என்று பயந்தாள். "நீங்க அந்த லைட்டை எடுத்துக்கங்க. எனக்குத் தனியா ஃப்ளெக்ஸ் போட்டுக்கலாம்."

அவர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

"தனியாவா?"

"டிக்கெட்டைச் சொன்னேன்."

"தனியாப் போட்டா சீட்டு பக்கத்துல வராது. நீ ஒரு மூலையில, நான் ஒரு மூலையில. பக்கத்துல தெரியாத ஆளு உக்காந்தா கையை எங்க வைக்கிறதுன்னே எனக்குத் தெரியாது."

"மடியில வைங்க."

"விளையாடாத. கயிறு இல்லாம மேல போற எதையும் நான் நம்ப மாட்டேன். நீ பக்கத்துல இருந்தாத்தான் ஏறுவேன்." மூடியைச் சாத்தினார். "அடுத்த மாசம் பார்ப்போம். அப்ப ரெண்டு லைட் கிடைக்கும். பாப்பா எங்க ஓடியா போகப் போறா?"

அடுத்த மாதம் என்றால் வீடு காலியாகியிருக்கும். பாப்பா ஒருத்தியாகவே எல்லாவற்றையும் கட்டி முடித்திருப்பாள். அவள் தட்டைக் கழுவினாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பது சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது.

'நீ பக்கத்துல இருந்தாத்தான் ஏறுவேன்.' இத்தனை வருடத்தில் அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏங்கிய காலத்தில் வராத சொல். இன்றைக்கு வந்தது. வந்து வழியில் குறுக்கே நின்றது.

ஆய்வகத்தில் அவள் மேசை ஜன்னலோரம். வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அங்கே போட்டிருந்தார்கள். செயற்கைப் பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மாதிரிப் பற்கள் வரிசையாகக் கோத்த பட்டையை எடுத்து, யாரோ ஒருவரின் முன்பல்லுக்கு நிறம் தேடினாள். எல்லாம் வெள்ளைதான் என்பார்கள் வெளியே இருப்பவர்கள். ஒன்றில் மஞ்சள் ஒரு துளி, இன்னொன்றில் சாம்பல் ஒரு துளி. தனியாகப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வாயில் பொருத்திய பிறகுதான் ஊருக்கே தெரியும்.

அன்று எந்த நிறமும் பிடிபடவில்லை. பட்டையை வைத்துவிட்டு வரவேற்பு மேசைக்குப் போனாள். அங்கே இருக்கும் பெண்ணை எல்லோரும் சிட்டு என்பார்கள். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள்.

"சிட்டு, கம்ப்யூட்டர் கொஞ்சம் வேணும்."

"எடுத்துக்கங்க அக்கா. என்ன, படமா?"

"டிக்கெட் போடணும். பொண்ணு வீட்டுக்கு."

"அண்ணனும் வராரா?"

பதில் சொல்வதற்குள் வாசலில் யாரோ மணி அடித்தார்கள். சிட்டு பறந்துவிட்டாள்.

பயணிகள் என்ற இடத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது: பெரியவர் 1, சிறுவர் 0, கைக்குழந்தை 0. எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லாவிட்டால், வருகிறவர் தனியாள் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

போவதற்கு ஒரு வகை, வருவதற்கு ஒரு வகை என்று தனித்தனியாகக் கேட்டது. தேதி மாறப்போவது வரும்போதுதானே என்று யோசித்து, போவதற்கு கிளாசிக்கும் வருவதற்கு ஃப்ளெக்ஸும் அழுத்தினாள். பெயர், பிறந்த தேதி, போனில் படமெடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் எண், எல்லாவற்றையும் ஒற்றை விரலால் தட்டினாள். கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. இரு வகைகளைக் கலந்து எடுத்தால், எதன் விதி கடுமையோ அதுவே முழுப் பயணத்துக்கும் பொருந்தும்.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. கல்யாணத்துக்கே எழுதிய விதி மாதிரி இருந்தது.

பின்னால் போனாள். அடித்ததெல்லாம் அழிந்துவிட்டது. மறுபடி பெயர், மறுபடி பிறந்த தேதி. நடுவில், பல் அச்சுக்காக அடுப்பில் வைத்திருந்த மெழுகு உருகும் வாசனை வந்து, ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அதற்குள் 'நீண்ட நேரமாக நீங்கள் எதுவும் செய்யவில்லை' என்று பக்கம் தானாகவே மூடிக்கொண்டிருந்தது. எதுவும் செய்யவில்லையாம்!

மூன்றாவது முறை இரண்டு பக்கமும் ஃப்ளெக்ஸ். அதன் பிறகும் அது அவளை விடவில்லை. உங்களுடன் யாரையாவது சேர்க்க விரும்புகிறீர்களா? வேண்டாம். குடும்பமாக அமர விரும்புகிறீர்களா? வேண்டாம். உங்கள் பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்துக்கொள்ள விரும்புகிறீர்களா?

இதற்கு மட்டும் அவளால் உடனே அழுத்த முடியவில்லை. அதற்குத் தனிக் கட்டணமாம். காலியான இடத்தையும் விற்கிறார்கள். அவளிடம் கேட்டிருந்தால் வேண்டிய மட்டும் சும்மாவே கொடுத்திருப்பாள். பாப்பாவின் அறை இருக்கிறது. கட்டிலில் அவருக்கும் அவளுக்கும் இடையே ஒருவர் படுக்கலாம். இரவுச் சாப்பாட்டின்போது இரண்டு பேச்சுகளுக்கு நடுவே ஓர் ஊரே குடியிருக்கலாம்.

'வேண்டாம்' என்று அழுத்தினாள். சம்பளக் கார்டின் எண்ணை அடித்தாள். மின்னஞ்சல் கேட்டது, அடித்தாள். போனுக்கு வந்த ரகசிய எண்ணையும் அடித்தாள். பச்சை நிறத்தில் ஒரு டிக் குறி. பயணம் உறுதியானது.

"என்ன அக்கா, முடிஞ்சுதா?" சிட்டு எட்டிப் பார்த்தாள். "ஐயோ, ஒருத்தர்தானா? தனியாவா போறீங்க? செம ஜாலி! அண்ணன் சமையல் கத்துக்கட்டும்."

அவளும் சிரித்து வைத்தாள். பிறகு திரையை முழுவதும் படித்தாள். உங்கள் பயணச்சீட்டு இந்த முகவரிக்கு அனுப்பப்பட்டுள்ளது.

அது அவருடைய முகவரி.

அந்த வீட்டில் இருப்பது ஒரே மின்னஞ்சல். 'வீட்டுக்கு ஒரு வாசல் போதும், எல்லாருக்கும் எதுக்குத் தனித்தனியா' என்று எப்போதோ அவர் திறந்தது. எரிவாயு இணைப்பானாலும் கண் மருத்துவமனையானாலும் யார் கேட்டாலும் அவள் கொடுப்பது அதைத்தான். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்ததும் அது ஒன்றுதான். தன் பெயரை எழுதுவதுபோல, யோசிக்காமல் அடித்திருந்தாள்.

பாப்பாவுக்கு, 'டிக்கெட் போட்டுட்டேன்' என்று செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. 'தேங்க்ஸ்மா. அப்பாவுக்கு?' அதற்கு அவள் பதில் அனுப்பவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது மேசைதான். சுத்தமாகத் துடைத்திருந்தது. கோப்பைகள் இல்லை, வயர் இல்லை. மூடிய கணினி சுவரோரமாக இருந்தது. அவள் உட்காரும் பக்கத்தில் அவளுடைய பாஸ்போர்ட் மட்டும். அவருடையதைக் காணோம்.

அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"மெயில் வந்துச்சு," என்றார்.

அவள் கைப்பையைக் கழற்றாமலே நின்றாள்.

"யாரோ ஏமாத்துக்காரன் உன் பேர்ல போட்டுட்டான்னு நினைச்சேன். பேங்குக்குப் போன் பண்ணப் போனேன். அப்புறம் பாத்தா பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் சரியா இருக்கு. திருடனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"பெரியவர் ஒருவர்னு போட்டிருக்கு. முழுசாப் படிச்சேன். தேதியை எத்தனை தடவை வேணா மாத்தலாமாம். ஒரு வருஷம் வரைக்கும் தள்ளலாமாம்."

"ஆமா."

"ஒரு வருஷமா?"

அவர் மேசையின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். இல்லாத கறையைத் தேய்த்தார்.

"நான் ஏதாவது பண்ணிட்டேனா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அவளும் கோபமாக ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். அவர் கோபமாகக் கேட்கவில்லை. லிஃப்ட் எந்தத் தளத்தில் நின்றுபோனது, எந்தச் சத்தம் முதலில் வந்தது என்று கட்டடக் காவலாளியிடம் விசாரிக்கும் குரலில் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவள் கண் முன்னால் இரண்டு கட்டங்கள் இருந்தன. வாயை மூடிக்கொண்டால், பெண்டாட்டி தன்னை விட்டுப் போகிறாள் என்று இந்த மனிதர் நம்புவார். வாயைத் திறந்தால், மகளுக்குக் கொடுத்த வார்த்தை போய்விடும். இரண்டையும் கலந்து எடுக்க வழியே இல்லை.

"நீங்க ஒண்ணும் பண்ணல."

"அப்ப யாரு பண்ணினா?"

"பாப்பா தனியா இருக்கா."

"மாப்பிள்ளை வேலையா வெளியூர் போயிருக்காரா?"

"இல்ல." அவள் உட்கார்ந்தாள். "போயிட்டாரு."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்றார்கள். கிளம்பவில்லை. மறுபடி முயன்றார்கள்.

"எப்பலேர்ந்து?"

"அவ என்கிட்ட சொன்னது போன வாரம்."

"போன வாரமா?" அவர் எதையோ பின்னோக்கித் தேடினார். "நான் மாப்பிள்ளைக்குன்னு ஒரு சட்டை வாங்கிட்டு வந்தேனே, நீலத்துல. அப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கலர் நல்லா இருக்குன்னு சொன்னியே."

"நல்லாத்தான் இருந்துச்சு. அதான் சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கொள்வதுபோலத்தான் இருந்தது. ஆனால் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நான் தாங்க மாட்டேன்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்க."

"அவதான் சொன்னா. நேர்ல வரப்ப..."

"நீ என்ன நினைச்ச?"

அவள் என்ன நினைத்தாள்? அதை அவள் தன்னிடம்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. அவருக்கு அதிர்ச்சி கூடாது என்று நினைத்தாளா? அல்லது, மகள் அவளிடம் மட்டும் சொன்னாளே, அந்த 'மட்டும்' கொஞ்ச நாளாவது தன்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தாளா? இந்த வீட்டில் யாரும் அவளிடம் மட்டும் என்று எதையும் கொடுத்ததில்லை. கிடைத்தது ஒரு துக்கம்தான் என்றாலும் அதையும் அவள் பங்கு போடாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல வாயெடுத்தாள். உட்கார்ந்தபோது மேசையில் வைத்த அவள் போன் ஒலித்தது. பாப்பா.

அவள் கை நீள்வதற்குள் அவர் எடுத்துவிட்டார். வழக்கமாக 'சாப்பிட்டியா' என்ற ஒரு வார்த்தையோடு அவளிடம் தள்ளிவிடுகிறவர், இன்று போனைக் காதில் வைத்தபடி பால்கனிக்குப் போனார். பின்னால் கையை நீட்டிக் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

முதுகு மட்டும் தெரிந்தது. குரல் கேட்கவில்லை. ஒரு முறை தலையைச் சாய்த்தார். ஒரு முறை கையை உயர்த்தி, சொல்ல வந்ததைச் சொல்லாமல் இறக்கியதுபோல இருந்தது. அவர் அழுகிறாரா, அதட்டுகிறாரா, எதுவும் தெரியவில்லை. தன் குடும்பத்தின் இரண்டு பேரும் அந்தக் கண்ணாடிக்கு அப்பால் இருந்தார்கள். எழுந்து போய்க் கதவைத் தட்டலாம். ஏனோ அவளுக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்து போனை மேசையில் வைத்தார்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

"மாப்பிள்ளை எப்படி இருக்காருன்னு கேட்டேன். குளிச்சிட்டிருக்காராம்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "கேட்டேன்னு சொல்லும்மான்னேன். சரிப்பான்னா. குரல்ல ஒண்ணுமே தெரியல. எவ்வளவு நல்லாப் பொய் சொல்றா பாரு. உன்கிட்ட கத்துக்கிட்டாளா, என்கிட்டயா?"

அவள் அப்போதுதான் கைப்பையைத் தோளிலிருந்து கழற்றினாள்.

"அவ நேர்ல சொல்லணும்னு நினைச்சா நேர்லயே சொல்லட்டும்," என்றார். "அது வரைக்கும் எனக்குத் தெரியாது. நீயும் என்கிட்ட எதுவும் சொல்லல." கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். "எனக்குப் போடு. உன் விமானத்துலயே. எங்க சீட்டு கிடைச்சாலும் பரவாயில்ல."

"என்ன வகை?"

"லைட்டு. தேதி மாத்த முடியாததே போடு. மாத்தலாம்னு இருந்தா நான் அங்கேருந்து கிளம்பவே மாட்டேன். அவ வாயைத் திறக்கலேன்னா, அங்க ஒரு வீட்டுல உங்க ரெண்டு பேர் நடுவுல நான் தெரியாத மாதிரி எவ்வளவு நாள் நடிக்கிறது?"

"இங்க திரும்பி வந்து தனியா என்ன பண்ணுவீங்க?"

"லிஃப்ட் இருக்கு. ஏறும், இறங்கும்."

அவள் சிரிக்கவில்லை. அவரும்.

பயணிகள் என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது. லைட் கட்டம் இன்னும் அணையவில்லை. அதில் கை வைக்கப்போனபோது மேசையில் கிடந்த போன் வெளிச்சமிட்டது. பாப்பாவின் செய்தி. இருவர் கண்ணுக்கும் தெரியும்படி, இருவருக்கும் நடுவே ஒளிர்ந்தது.

'அப்பா குரல் ஒரு மாதிரி இருக்கேம்மா. சொல்லிட்டியா?'

அவள் அவரைப் பார்த்தாள். அவர் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து, திரை கீழே இருக்கும்படி மெதுவாகக் கவிழ்த்து வைத்தார்.

"என் பாஸ்போர்ட் எடுத்துட்டு வரேன்," என்று எழுந்தார். "அதுல இருக்கற மாதிரியே பேரை அடி. தப்பா அடிச்சா லைட்டுல அதையும் மாத்த முடியாதாம்."